மாமியாரிடம் சொல்லியாச்சா

அண்ணன் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. அதற்குப் பிறகு நான் யாருக்கும் எந்த மென்பொருளையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அலுவலகத்தில் கேட்டால் கழுத்து வலி என்கிறேன். கழுத்து வலி இருப்பதும் உண்மைதான். ஆனால் காரணம் அதுவல்ல.

அப்போது நாங்கள் ஒரு மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்தோம். ஐந்து மாடி. பிரதான ஒப்பந்த நிறுவனத்தில் காகித வேலை என்னுடையது: வரைபடங்கள், கடிதங்கள், கூட்டக் குறிப்புகள். தள அலுவலகம் என்று பெயருக்குச் சொன்னாலும் அது ஒரு கன்டெய்னர். ஏ.சி. போட்டால் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்காது. நிறுத்தினால் யாருக்கும் பேசத் தோன்றாது. தரையில் எப்போதும் சிமென்ட் தூள். காலையில் கூட்டினால் பத்து மணிக்கு மறுபடி இருக்கும்.

அண்ணன் அதே கட்டடத்தில் குழாய் வேலையைத் துணை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார். அவருக்குக் கீழே பதினோரு பேர். தளத்தில் எல்லோருக்கும் அவர் ‘குழாயண்ணன்’. நாற்பத்தொரு வயதில் என்னைப் ‘பாப்பா’ என்று நாலு பேர் கேட்கக் கூப்பிட்ட ஒரே ஆள்.

கட்டட வேலையில் வரைபடம் ஒன்று சொல்லும், இடம் வேறொன்று சொல்லும். குழாய் போக வேண்டிய இடத்தில் விட்டம் குறுக்கே நிற்கும். அப்போது மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றுவதற்கு முன் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும் என்பது விதி. அந்த அனுமதிக்குச் சேஞ்ச் ஆர்டர் என்று பெயர். நடந்தது வேறு. அண்ணன் தட்டைப் பென்சிலால் சுவரிலேயே ஓர் அம்புக்குறி போட்டு, அளவு எழுதி, தேதி போட்டு, அடியில் ஒரு சுழி சுழிப்பார். பின்னால் வரும் எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்து ஒதுங்கிப் போவார். அவருக்கும் பின்னால் வரும் டைல்ஸ்காரர் அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிட்டுப் போவார்.

அந்த வருடம் நிறுவனம் ஒரு பொது மென்பொருள் வாங்கியது. ஏழு துணை ஒப்பந்ததாரர்களும் அவரவர் கைபேசியிலிருந்து மாற்றத்தைப் படம் எடுத்துப் போட வேண்டும். முதலில் நான் சரிபார்ப்பேன். பிறகு திட்ட மேலாளர் ஏற்பார். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். மூன்று மாதத்துக்குள் ஏழு பேரையும் அதற்குள் கொண்டுவருவது என் தலையில் விழுந்தது.

முதல் வகுப்புக்கு எட்டு நாற்காலி போட்டேன். மூன்று பேர் வந்தார்கள். அதில் டைல்ஸ்காரர் ஏ.சி.க்காக வந்தவர்.

“தங்கச்சி, இதுக்கு முன்னாடி எங்களுக்கு என்ன குறை?” என்றார் எலக்ட்ரீஷியன். “குழாயண்ணன் சுவத்துல எழுதுவார். நான் படிப்பேன். போய்ட்டே இருப்பேன்.”

“சுவரு பொய் சொல்லாது, பாப்பா,” என்றார் அண்ணன், கையைக் கட்டிக்கொண்டு.

“டைல்ஸ் ஒட்டினப்புறம் உண்மையும் சொல்லாது,” என்றேன்.

டைல்ஸ்காரர் மட்டும் சிரித்தார். தன்னைப் பற்றி ஏதோ சொல்கிறேன் என்று அவருக்குப் பெருமை.

நான் திரையில் காட்டினேன். மாடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், படம், காரணம், அனுப்பு. எலக்ட்ரீஷியன் கடைசிவரை பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“எதைச் செய்யறதுக்கும் முன்னாடி சொல்லணும். சொன்னாலும் உடனே ஒத்துக்காது. ஒத்துக்கிட்டாலும் என்னிக்கு என்ன சொன்னேன்னு தேதியோட ஞாபகம் வச்சிருக்கும். இது மென்பொருள் இல்ல தங்கச்சி, என் மாமியார்.”

அன்றிலிருந்து தளம் முழுக்க அதன் பெயர் மாமியார். “மாமியார்கிட்ட சொல்லியாச்சா?” என்று மூன்றாம் மாடியிலிருந்து கீழே கத்துவார்கள். “மாமியார் படுத்துட்டா, நெட்வொர்க் இல்ல,” என்று பதில் வரும்.

நான் மாடி மாடியாக ஏறினேன். சாரத்தின் அடியில், ஜெனரேட்டர் சத்தத்தில், அவர்களுடைய விரிசல் விழுந்த திரைகளில் விரல் வைத்துக் காட்டினேன். பிசின் ஒட்டிய விரலைக் கைபேசி விரலாகவே மதிக்கவில்லை. பாதிப் பேர் மாடியையே தேர்ந்தெடுக்க மாட்டார்கள்; பட்டியலில் முதலில் இருப்பது எதுவோ அதுவே போய்விடும். ஐந்தாவது மாடிக் கழிவறைக் கதவெல்லாம் ‘அடித்தளம்’ என்று வந்து சேரும்.

“பாஸ்வேர்டு என்ன வச்சீங்க?” என்று டைல்ஸ்காரரிடம் கேட்டேன்.

“அதை யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு நீதானேம்மா சொன்ன.”

“மறந்துட்டீங்களா?”

“அதையும் யார்கிட்டயும் சொல்லக்கூடாது இல்ல?”

ஒரு மாதம் கழித்து ஏழுக்கு ஒன்று. அந்த ஒருவர் லிஃப்ட்காரர். அவருடைய மகள் போட்டுக்கொண்டிருந்தாள். திட்ட மேலாளர் என்னைக் கூப்பிட்டார். கத்துகிற ஆள் இல்லை. பாதி காலியான மாத்திரை அட்டை எப்போதும் அவர் மேசையில் கிடக்கும்.

“உங்க அண்ணன் வந்துட்டா மத்தவங்க தானா வருவாங்கம்மா. பேசிப் பாருங்க.”

பேசினேன். அண்ணன் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். “சாயங்காலம் ஆறு மணிக்கு உனக்குப் போன் போட்டுச் சொல்லிடறேன். நீ தட்டிடு. என் பேர்ல இருந்தா சரிதானே?”

சரியில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மாதமாக மாடிப்படி ஏறிய கால். சரி என்றேன்.

செய்தி பரவ இரண்டு நாள்தான் ஆனது. எலக்ட்ரீஷியன் ஆறேகாலுக்கு அழைத்தார். டைல்ஸ்காரர் குரல்பதிவு அனுப்பினார். அதில் பாதி கட்டர் மெஷின் சத்தம். லிஃப்ட்காரரைத் தவிர மற்ற ஆறு பேருடைய கடவுச்சொல்லும் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அவர்கள் பெயரில் உள்ளே போய் எழுதி அனுப்புவேன். பிறகு என் பெயரில் உள்ளே வந்து சரிபார்த்தேன் என்று அழுத்துவேன். நானே கேட்டு, நானே பார்த்து, நானே சரி சொல்வது. நான் அனுப்பியதற்கெல்லாம் எனக்கே அறிவிப்பு வந்து டிங் டிங் என்று உயிரை எடுத்ததால், அந்த அறிவிப்பையும் ஒருநாள் நிறுத்திவிட்டேன். அனுப்பிய கையோடு நானே முடித்துவிடுவதால் காத்திருக்கும் பதிவுகளின் பட்டியலை நான் திறந்து பார்ப்பதும் இல்லை.

மூன்றாம் மாத முடிவில் ஏழுக்கு ஏழு. திரையில் எல்லாம் பச்சை. தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதன் சூட்டோடு ஓர் அறிவிப்பு எழுதச் சொன்னார்கள், எழுதியதும் நான்தான். இனி மாமியாரிடம் கேட்காமல் எதை மாற்றினாலும் அந்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள் தளத்தை விட்டு வெளியே. துணை ஒப்பந்ததாரர்கள் சண்டை போட்டு ஒரு வரி சேர்த்தார்கள்: கேட்டு இரண்டு வேலை நாளில் பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணனும் ஒரு சுழி சுழித்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி எழுதத்தான் இவ்வளவும். அன்று மதியமே எனக்குத் தலை வெடித்தது. அண்ணன் கன்டெய்னருக்கு நேரில் வந்து, எழுதிக்கொள் என்று ஆரம்பித்தார். மூன்றாம் மாடி, வார்டு நடைபாதை, விட்டம் ஒன்று குறுக்கே.

“எனக்கு ரெண்டு கைதான் அண்ணா இருக்கு,” என்றேன். “ஆறு பேருக்குக் கை வாடகைக்கு விட்டிருக்கேன். ஐம்பத்து மூணு வயசுல ஒரு படம் எடுத்து அனுப்ப முடியாதா? அரை அங்குல லீக்கை இருட்டுல தடவியே கண்டுபிடிக்கிற கை, இதுல மட்டும் கிழவனாயிடுதா?”

“கத்தாத பாப்பா. வெளிய ஆள் இருக்கு.”

“இருக்கட்டும். இனிமே நீங்களே போடுங்க.”

அவர் வாசலில் நின்று பூட்ஸைப் படியில் ஒருமுறை தட்டினார். சிமென்ட் உதிர்ந்தது. “சரி,” என்று போய்விட்டார்.

ஆறு மணிக்கு அவர் அழைப்பு வந்தது. நான் எடுக்கவில்லை. கைபேசி மேசையில் நடுங்கி நடுங்கி நின்றது. வியாழக்கிழமை ஒருமுறை கன்டெய்னர் வாசலுக்கு வந்தார். நான் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. “வேலையா இருக்கியா? சரி, சரி,” என்றார். எனக்கு அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். ஞாயிறு காலை வீட்டில் முகம் கழுவிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். அண்ணி ஓடிவந்தபோது குழாய் திறந்தபடி இருந்ததாம். வாழ்நாளில் அவர் மூடாமல் விட்ட ஒரே குழாய் என்று துக்கத்துக்கு வந்த எலக்ட்ரீஷியன் சொன்னார். சொல்லிவிட்டு அவரே அழுதார்.

பதினோரு நாள் கழித்து வேலைக்குப் போனேன். என் நாற்காலியில் யாரும் உட்காராமல் ஒரு படலம் தூசு இருந்தது. துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஆறு மணிக்குக் கைபேசி அடிக்கும்போது முதல் இரண்டு நாள் கை தானாகப் போனது. எலக்ட்ரீஷியன். டைல்ஸ்காரர். எழுதினேன்.

அதற்கடுத்த திங்கள்கிழமை, மூன்றாம் மாடி நடைபாதையில் நோயாளிகள் பிடித்து நடக்கும் கைப்பிடியைப் பொருத்த ஒருவர் வந்தார். துளை போடுவதற்கு முன் சுவரில் கருவி வைத்துப் பார்த்தார். குழாய் இருக்கக் கூடாத இடத்தில் கருவி கத்தியது. அதற்குள் டைல்ஸ் முழுக்க ஒட்டி முடிந்திருந்தது.

திட்ட மேலாளர் வரைபடத்தை விரித்தார். பிறகு மாமியாரைத் திறந்தார். மூன்றாம் மாடி நடைபாதைக்கு எந்த மாற்றமும் பதிவாகவில்லை.

“நான் அவரைத் தப்பா பேசலம்மா,” என்றார். “ஆனா சொல்லாம மாத்தியிருக்கார். பதிவுல இல்லையே. அறிவிப்பு நீங்க எழுதினதுதான். இதை விட்டா நாளைக்கு மத்த ஆறு பேரும் என் சட்டையைப் பிடிப்பாங்க.” மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறம் வேற குழாய்க் கம்பெனிதான்.”

அண்ணனின் மேஸ்திரியை மாடியில் பிடித்தேன். பதினான்கு வருடம் அவரோடு இருந்தவர்.

“அன்னிக்கு நான் மொட்டை மாடியில டேங்க் வேலைம்மா. அண்ணனே தனியா செஞ்சார். ஆனா ஒண்ணு, புதனும் வியாழனும் அந்தச் சுவரைத் தொடவே இல்ல. எல்லாம் ரெடி, ஏன் அண்ணே உக்காந்திருக்கோம்னு கேட்டேன். பதில் வரட்டும்னார். வெள்ளிக்கிழமைதான் கை வச்சார்.”

யாரிடமிருந்து பதில் என்று நான் கேட்கவில்லை. எடுக்காமல் விட்ட அந்த ஆறு மணி அழைப்பு எனக்குத் தெரியும். நான் திரும்ப அழைப்பேன் என்று இரண்டு நாள் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் அண்ணி வீட்டுக்குப் போனேன். அண்ணனின் கைபேசி சமையலறை அலமாரியில் சார்ஜில் இருந்தது.

“இறங்க விடறதில்ல,” என்றார் அண்ணி. “யாராவது வேலைக்குக் கூப்பிடுவாங்க இல்ல.” கொஞ்ச நேரம் பாத்திரத்தைத் துடைத்தார். “வேலைப் பசங்க கேக்கறாங்க. அடுத்த வாரம் வரலாமா வேணாமான்னு. நீ அங்கதானே இருக்க, உனக்குத் தெரியுமேன்னு சொல்லி வச்சிருக்கேன். இன்னொண்ணும் சொல்றாங்க. இவர் யார்கிட்டயும் கேக்காம எதையோ மாத்திட்டார்னு. இவரா? ஒரு செருப்பு வாங்கறதுக்கே என்னை மூணு தடவை கேப்பார்.”

வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

புதன் மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, திட்ட மேலாளருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அண்ணன் சொல்லாமல் இருக்கவில்லை, சொல்ல வந்தார், நான் கேட்கவில்லை. ஏழுக்கு ஏழு என்பது பொய். லிஃப்ட்காரருடையது தவிர எல்லாப் பதிவும் நான் போட்டது. இதை எழுதினால் என் வேலை போகலாம் என்று தெரியும். பயமாக இல்லை. அசதியாக இருந்தது. யாராவது வந்து கணினியை எடுத்துக்கொண்டு போனால் நன்றி சொல்லியிருப்பேன்.

வெறுமனே சொன்னால் அண்ணனுக்காகப் பழியைத் தூக்கிப் போட்டுக்கொள்கிறேன் என்று நினைப்பார். சான்று வேண்டும். மாமியாரில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு பதிவும் எந்தக் கருவியிலிருந்து வந்தது என்று பட்டியல் தரும். அண்ணன் பெயரைப் போட்டுப் பட்டியலை இறக்கினேன். கணினி, கணினி, கணினி என்று வரிசையாக வந்தது. எல்லாம் இந்த மேசை. நான் கீழே தள்ளிக்கொண்டே போனேன். கடைசி வரியில் ‘கைபேசி’ என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை. மாலை ஆறு மணி நாற்பத்தேழு நிமிடம். இடம்: அடித்தளம். நிலை: முதல் சரிபார்ப்புக்குக் காத்திருக்கிறது.

என்னிடம்தான் காத்திருந்தது. இருபத்து இரண்டு நாளாக.

திறந்தேன். ஒரு படம். டைல்ஸ் ஒட்டாத வெற்றுச் சுவர், தட்டைப் பென்சிலால் ஓர் அம்புக்குறி, 40, தேதி, சுழி. இடது ஓரத்தை அவருடைய கட்டைவிரல் மறைத்திருந்தது. நகத்தில் வெள்ளையாகப் பிசின். ‘காரணம்’ என்ற கட்டத்தில் எழுதியிருந்தார்:

‘மூணாவது மாடி நடைபாதை. பீம் குறுக்க நிக்குது. குழாயை இடது பக்கம் 40 செமீ தள்ளிக்கட்டுமா. போன் பண்ணேன் நீ எடுக்கல. நானே போட்டுட்டேன் பாப்பா. கோபம் தீந்ததும் பாத்து ஓகே பண்ணு.’

எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் அவருக்கு. எழுத்து ஒவ்வொன்றாகத் தேடியிருப்பார். ஆறு மணிக்கு அழைத்தவர் ஆறு நாற்பத்தேழுக்கு அனுப்பியிருக்கிறார். மாடியை மட்டும் மாற்ற விட்டுப்போயிருக்கிறது. எல்லோருக்கும் விட்டுப்போவதுதான். நான் வாசலில் திரும்பிப் பார்க்காமல் இருந்த வியாழக்கிழமை அவர் கேட்க வந்தது இதைத்தான்.

‘சரிபார்க்கப்பட்டது’ என்று அழுத்தினேன். தேதி தானாகப் பதிந்தது. கணினியைத் தூக்கிக்கொண்டு திட்ட மேலாளர் அறைக்குப் போனேன். அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவிட்டு, கையைத் துடைத்து, படித்தார். இரண்டு முறை படித்தார்.

“இது இத்தனை நாளா உங்ககிட்டயா இருந்துது?”

“ஆமா சார்.” கடவுச்சொற்கள் எழுதிய நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து அவர் மேசையில் வைத்தேன். மற்றதையும் சொன்னேன். ஏழுக்கு ஏழையும்.

அவர் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். டைல்ஸ்காரரின் கடவுச்சொல் அவருடைய சொந்தப் பெயரே. அதைப் பார்த்து இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்.

“ரெண்டு வேலை நாள் காத்திருந்திருக்கார்,” என்றார். “நாம சொன்னபடியே. அவர் ஆட்கள் இருக்கட்டும். மாடியை மட்டும் திருத்திடறேன்.” பிறகு, “உங்க விஷயத்தை நான் மேல எழுதித்தான் ஆகணும்மா.”

“எழுதுங்க சார்.”

எழுதினார். எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலை போகவில்லை. பச்சைத் திரை மறுபடி ஏழுக்கு ஒன்றானது. பிறகு எலக்ட்ரீஷியன் தானே போட ஆரம்பித்தார். யாரும் சொல்லவில்லை. “குழாயண்ணனே போட்டுட்டார், எனக்கென்ன கேடு” என்றாராம். கட்டடம் முடிகிற நேரத்தில் நாலு பேர் வந்திருந்தார்கள். டைல்ஸ்காரர் கடைசிவரை குரல்பதிவுதான்.

அதெல்லாம் பிறகு. அந்தப் புதன்கிழமை திட்ட மேலாளர் ‘ஏற்கப்பட்டது’ என்று அழுத்தியதும் நான் கணினியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெயில் கண்ணைக் குத்தியது. கன்டெய்னர் படியில் கால் வைக்கும்போது அண்ணியின் அழைப்பு.

“இவர் போன்ல ஏதோ சத்தம் வந்துச்சு. பச்சையா ஒண்ணு வந்திருக்கு. படிக்கவா?”

“படிங்க அண்ணி.”

“‘உங்கள் மாற்றக் கோரிக்கை ஏற்கப்பட்டது’ன்னு போட்டிருக்கு.” பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தார். “என்ன கேட்டிருந்தார்?”

“ஒரு குழாயை நாப்பது சென்டிமீட்டர் தள்ளிக்கட்டுமான்னு கேட்டிருந்தார்.”

பின்னால் அவர்கள் வீட்டு மின்விசிறி சுற்றுவது கேட்டது.

“அப்ப கேட்டுத்தான் செஞ்சிருக்கார்.”

“கேட்டுத்தான் செஞ்சார் அண்ணி. பசங்களை வரச் சொல்லுங்க.”

“சொல்றேன்,” என்றார். பிறகு, “இதுக்குப் பதில் சொல்ல இவ்வளவு நாளா?” என்றார்.